வண்டம்மாவும் மேற்படி பேயும்

அரிசி மணிக்குள் குடியிருக்கும் மூக்குவண்டைப் பற்றி அவளைவிட அதிகம் தெரிந்தவர் யாராவது உண்டென்றால் அது அந்த வண்டாகத்தான் இருக்க வேண்டும் என்று ஆய்வகத்தில் ஒரு பேச்சு உண்டு. பெற்றவர்கள் வைத்த பெயர் வருகைப் பதிவேட்டோடு நின்றுவிட்டது. வாசல் காவலரிலிருந்து தட்டச்சர் வரை எல்லோருக்கும் அவள் வண்டம்மாதான். முகத்துக்கு நேரே "மேடம்". முதுகு திரும்பினால் "வண்டம்மா". ஒருநாள் அவளே தொலைபேசியை எடுத்து, "ஆமா, வண்டம்மாதான் பேசறேன், சொல்லுங்க" என்று சொல்லிவிட்டாள். அதோடு முகம், முதுகு என்ற வித்தியாசம் தீர்ந்தது.

அவள் வேலை பார்த்தது தானியப் பாதுகாப்பு ஆய்வகம். நீளமான அறை. சுவர் முழுக்க அலமாரி, அலமாரி முழுக்க வாயில் மெல்லிய துணி கட்டிய கண்ணாடி ஜாடிகள். ஜாடிக்கு ஒரு வண்டுக் குடும்பம். வெளியே வெயில் கொளுத்தினாலும் மழை கொட்டினாலும் அந்த அறை மட்டும் ஒரே வெதுவெதுப்பில் இருக்கும். உள்ளே நுழைந்ததும் பழைய மாவின் வாசனை முகத்தில் வந்து அப்பும். புதிதாக வருகிறவர்கள் மூக்கைப் பொத்துவார்கள். வண்டம்மாவுக்கு அது வீட்டு வாசனை மாதிரி.

தாய் வண்டு அரிசியில் ஒரு துளை போடும். அதில் ஒரே ஒரு முட்டையை வைக்கும். பிறகு தன் உடம்பில் சுரக்கிற பசையால் துளையை அடைத்துவிட்டுப் போய்விடும். வெளியிலிருந்து பார்த்தால் முழு அரிசி. உள்ளே புழு பிறந்து, இருக்கிற சுவரையே தின்று, வளர்ந்து, ஒருநாள் வண்டாக வெளியே வரும். உள்ளே இருக்கும்போதே அதைக் கண்டுபிடிப்பது எப்படி? கண்ணால் முடியாது. ஆகவே வண்டம்மா காதை நம்பினாள். சத்தம் புகாத பெட்டிக்குள் தானியத்தைக் கொட்டி, நுண்ணிய மைக்கை அதில் செருகி, ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள். புழு கடிக்கிற சத்தம் கேட்கும். உலர்ந்த குச்சியை யாரோ பொறுமையாக, நடுநடுவே யோசித்து யோசித்து ஒடிப்பது போல இருக்கும்.

இப்படி இருந்தவளைக் கதை எழுத வைத்தது ஒரு மதியத் தூக்கம். தூங்கியவர்கள் மற்றவர்கள்.

கிடங்குக் காப்பாளர்களுக்கு ஆண்டுதோறும் பயிற்சி வகுப்பு நடக்கும். சாப்பாட்டுக்குப் பிந்திய வகுப்பு எப்போதும் வண்டம்மாவின் தலையில்தான் விழும். அன்றும் வரைபடம், அட்டவணை, சதவிகிதம் என்று அவள் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டு போனாள். எதிரே வரிசை வரிசையாகத் தலைகள் ஆடின. ஆமோதிக்கிறார்கள் என்று நினைத்தாள். பிறகுதான் குறட்டை கேட்டது.

அவள் திரையில் இருந்த வரைபடத்தை அணைத்தாள். பெட்டியிலிருந்து ஒலிபெருக்கியை எடுத்து, பதிவு செய்து வைத்திருந்த சத்தத்தை முழு அளவில் ஓடவிட்டாள்.

க்ரிக்... க்ரிக். இடைவெளி. க்ரிக்.

தலைகள் நிமிர்ந்தன.

"எலியா மேடம்?" என்றார் ஒருவர்.

"இல்லை."

"கரையானா?"

"அரிசி. அரிசிக்குள்ளேர்ந்து வர்ற சத்தம். மூட்டையைப் பிரிச்சுப் பார்த்தா ஒண்ணும் தெரியாது. கையில எடுத்தா முழு மணி. ஆனா உள்ள ஒருத்தன் உட்கார்ந்து தன் வீட்டுச் சுவத்தைத் தானே தின்னுட்டு இருக்கான். அவன் மட்டுமா? பக்கத்து மணியில இன்னொருத்தன். அதுக்குப் பக்கத்துல இன்னொருத்தன். அத்தனை பேரும் மூச்சு விடறாங்க. அந்தச் சூடுதான் மூட்டையில ஏறுது. ஒருநாள் நீங்க உள்ள கையை விடுவீங்க. உயிரோட இருக்கற உடம்பைத் தொட்ட மாதிரி இருக்கும்."

முன்வரிசைக்காரர் நாற்காலி நுனிக்கு நகர்ந்து, "இது எந்தக் கிடங்குல பிடிச்ச சத்தம்?" என்றார்.

"உங்க கிடங்குதான். 'பூச்சி இல்லை'ன்னு சொல்லி அனுப்பினீங்களே, அந்த மூட்டை."

அவர் முகம் பேயறைந்தது போல ஆனது. அன்று யாரும் தேநீருக்கு அவசரப்படவில்லை. அடுத்த வாரத்திலிருந்து எல்லாக் கிடங்குகளிலும் காப்பாளர்கள் மூட்டை மூட்டையாகக் கையை விட்டுப் பார்த்து, சந்தேகப்பட்டதையெல்லாம் ஆய்வகத்துக்கு அனுப்பத் தொடங்கினார்கள். மாதிரிகள் வந்து குவிந்ததில் ஜாடி வைக்க இடமில்லாமல் போயிற்று. இத்தனை வருஷம் எழுதிய அறிக்கைகள் செவிடன் காதில் ஊதிய சங்கு. ஒரே ஒரு சத்தமும், அதற்கு ஒரு கதையும் சேர்ந்து ஊரையே நிமிர்த்தி உட்கார வைத்துவிட்டன. பயத்தைப் பதமாகக் கையாண்டால் அதுவும் நல்ல வேலைக்காரன் என்று வண்டம்மாவுக்குப் புரிந்தது.

அந்த மாதமே ஒரு கதை எழுதினாள். குளிர்காலத்தில் ஒரு கிடங்குக் காவலாளி தினமும் ஒரு குறிப்பிட்ட மூட்டையில் சாய்ந்து குளிர் காய்கிறான். நாளுக்கு நாள் அதன் கதகதப்பு கூடுகிறது. அவனுக்கு அதன்மேல் ஒரு பாசமே வந்துவிடுகிறது. ஒருநாள் அவன் சாய்ந்ததும், மூட்டை அவன் பக்கமாகக் கொஞ்சம் நகர்ந்து இடம் கொடுக்கிறது. அவ்வளவுதான் கதை.

முதல் வாசகர் அவள் கணவர். பள்ளியில் கணக்கு வாத்தியார், மாணவர்களுக்குச் சிங்கம். ஆனால் பயம் என்று வந்துவிட்டால் தன் நிழலைக் கண்டே ஒதுங்கி நடக்கிற ரகம். தாளை வாங்கிக்கொண்டு வெளியே போனவர் வெகுநேரம் கழித்துத் திரும்பினார்.

"எங்க போய்ப் படிச்சீங்க?"

"பஸ் ஸ்டாண்டுல. அங்கதான் கூட்டம் இருக்கும். பேய்க்கு வாக்கப்பட்டா முருங்கை மரம் ஏறணும்னு சொல்லுவாங்க. பேய்க்கதைக்காரியைக் கட்டிக்கிட்டா பஸ் ஸ்டாண்டுக்குத்தான் போகணும் போல."

"எப்படி இருந்துச்சு?"

"அதை விடு. இனிமே டப்பாவிலேர்ந்து நீயே அரிசி எடுத்துக் குடு. நான் கையை விடறதா இல்லை."

வண்டம்மாவுக்கு அதைவிட நல்ல மதிப்புரை தேவைப்படவில்லை. அன்றிலிருந்து வாத்தியார்தான் அவளுடைய அளவுகோல். வீட்டு ஹாலில் உட்கார்ந்து படித்து முடித்தால் கதை தேறாது. எழுந்து போய்ப் பகலிலேயே விளக்கைப் போட்டால் சுமார். சட்டையை மாட்டிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்குக் கிளம்பினால் அனுப்பலாம்.

ஒரு வாரப் பத்திரிகைக்கு அனுப்பினாள். அங்கிருந்து உதவி ஆசிரியர் ஒருவர் போன் செய்தார். "நல்லா எழுதறீங்க. ஆனா கதையில பேய் எங்க?"

"பேய் வந்துட்டா பயம் போயிடும் சார். வரப்போகுதுங்கிற வரைக்கும்தான் பயம்."

எதிர்முனையில் தாள் புரளும் சத்தம் கேட்டது. "அந்த மூட்டை நகர்ந்தது... அது ஏன்?"

"நீங்க என்ன நினைக்கிறீங்க?"

"எனக்குத் தெரியலை. அதான் நேத்திலேர்ந்து யோசிச்சிட்டே இருக்கேன்" என்றவர், தானே சிரித்துவிட்டார். கதை வந்தது.

பிறகு வரிசையாக வந்தன. திகில் மட்டுமல்ல, விஞ்ஞானமும். வேறொரு கிரகத்துக்கு விதைகளை ஏற்றிக்கொண்டு போகும் கப்பலில் ஒரே ஒரு வண்டு ஒளிந்திருக்கிறது. பயணம் பல தலைமுறை. விதையைக் காப்பாற்ற மனிதர்களும், வயிற்றைக் காப்பாற்ற வண்டும் ஆளுக்கொரு தந்திரம் செய்கிறார்கள். வாசகர்கள் கடிதம் கடிதமாக எழுதினார்கள். பாதிப் பேர் வண்டு பக்கம். கதைகளில் அவள் பெயரின் முதலெழுத்துகளை மட்டுமே போட்டிருந்தாள்; 'ஐயா அவர்களுக்கு' என்று தொடங்கிய கடிதங்களே அதிகம். இவ்வளவு பயங்கரத்தை எழுதுகிறவர் ஆணாகத்தான் இருப்பார் என்பது அவர்கள் கணக்கு. வண்டம்மா எல்லாவற்றுக்கும் பதில் எழுதி, கீழே "ஐயாவாகிய அம்மா" என்று கையெழுத்துப் போட்டாள்.

சங்கடம் ஆய்வகத்திலிருந்து வந்தது. வெளியிலிருந்து சில பெரிய மனிதர்கள் பார்வையிட வந்திருந்தார்கள். இயக்குநர் அவர்களை ஒவ்வொரு பிரிவாக அழைத்துப் போய் விளக்கிக்கொண்டிருந்தார். கோட்டில் தூசி இல்லாதவர். வாக்கியத்தில் முற்றுப்புள்ளி தவறாதவர். வண்டம்மாவின் அறைக்கு வந்ததும், கதை எழுதுகிறவள் இவள்தான் என்று யாரோ காதில் போட, விருந்தினர்களில் ஒருவர் இயக்குநரின் பேச்சைப் பாதியில் விட்டுவிட்டு அவளிடம் ஓடிவந்தார். "நீங்கதானா அது! அந்தக் கப்பல்ல வண்டு கடைசியில என்னாச்சு? என் பொண்ணு சாப்பிடாம உட்கார்ந்திருக்கா!"

மற்றவர்களும் சூழ்ந்துகொண்டார்கள். இயக்குநரின் புதிய குளிர்பதன அறையை யாரும் பார்க்கவில்லை.

மறுநாள் காலை அவளைக் கூப்பிட்டார். உட்காரச் சொல்லவில்லை.

"இது ஆராய்ச்சி நிலையம். இதுக்குன்னு ஒரு கௌரவம் இருக்கு. வர்றவங்க எல்லாம் பேயைப் பத்திக் கேட்டா நாளைக்கு நம்ம ஆராய்ச்சியை யார் நம்புவாங்க? பேயா, வண்டான்னு முடிவு பண்ணுங்க."

"ரெண்டும் ஒரே வேலைதான் சார். கண்ணுக்குத் தெரியாம உள்ள என்ன நடக்குதுன்னு பார்க்கிறது."

"எனக்குக் கதை சொல்லாதீங்க."

வண்டம்மாவுக்குக் கோபம் வரவில்லை என்று சொன்னால் அது பொய். மூக்குக்கு மேல் வந்தது. ஆனால் கோபத்தில் எடுத்த முடிவு, வேகாத ரொட்டி மாதிரி வயிற்றில் நின்றுவிடும் என்பது அவள் கொள்கை. ஓடிக்கொண்டிருந்த சோதனையை முடிக்கிற வரை வாயைத் திறக்கவில்லை. முடிவுகளை எழுதி அனுப்பினாள். ஜாடிகளை ஒவ்வொன்றாக அடுத்து வரப்போகிறவரிடம் காட்டி, எதற்கு ஈரம் வேண்டும், எது வெளிச்சம் பட்டால் முட்டையிடாது என்றெல்லாம் சொல்லிக்கொடுத்தாள். அதன்பிறகே விலகல் கடிதத்தை இயக்குநரின் மேசையில் வைத்தாள்.

"எங்க போறீங்க?" என்றார் அவர்.

"பேய் கிட்ட" என்றாள் வண்டம்மா.

சும்மா சொல்லவில்லை. விஞ்ஞானக் கதைகளுக்கும் திகில் கதைகளுக்குமாக ஒரு மாத இதழ் அந்த ஊரில் வெளிவந்துகொண்டிருந்தது. வந்துகொண்டிருந்தது என்பதைவிட, இழுத்துக்கொண்டு கிடந்தது என்று சொல்லலாம். அதை நடத்திய அச்சக முதலாளி, அவள் கதைகளைப் படித்துவிட்டு நேரில் வந்து ஆசிரியர் நாற்காலியைக் கொடுத்திருந்தார். "இந்தப் பத்திரிகைக்கு உயிர் குடுக்க முடியுமா?" என்று அவர் கேட்டபோது, "செத்ததுக்கு உயிர் குடுக்கிறதுதானே நம்ம தொழிலே" என்றாள் அவள்.

ஆசிரியர் அறை அச்சகத்துக்கு மேல்மாடி. கீழே இயந்திரம் ஓடும்போது தரை அதிரும். மேசையில் வைத்த பேனா தானாக நகர்ந்து விளிம்புக்கு வரும். முதல்நாள் பார்க்கப்போன வாத்தியார், பேனா நகர்வதைக் கண்டு நாற்காலியோடு பின்னால் போய்ச் சுவரில் முட்டிக்கொண்டார்.

வண்டம்மா இதழை ஆய்வகம் போலவே நடத்தினாள். ஒரு கதையில் நம்ப முடியாதது ஒன்றே ஒன்று இருக்கலாம். மற்றதெல்லாம் அசைக்க முடியாத உண்மையாக இருக்க வேண்டும். பேய் கதவைத் தட்டலாம், ஆனால் அது மரக்கதவா இரும்புக்கதவா என்று எழுத்தாளருக்குத் தெரிந்திருக்க வேண்டும். 'திடீரென்று' என்ற சொல்லைக் கண்ட இடத்தில் அடித்தாள். "திடீர்னு எதுவும் வராது. வண்டுகூட முட்டையிலேர்ந்துதான் வருது" என்பாள். எழுத்தாளர்கள் முதலில் முணுமுணுத்தார்கள். பிறகு அவள் அடித்துத் திருத்திய பிரதியைப் பெருமையாக மற்றவர்களிடம் காட்ட ஆரம்பித்தார்கள்.

சந்தேகம் வந்தால் செய்து பார்த்துவிடுவாள். ஒருவர், கூரையிலிருந்து ரத்தம் சொட்டிச் சுவரில் நேர்கோடாக இறங்கியதாக எழுதியிருந்தார். நேர்கோடாக இறங்குமா? ஞாயிற்றுக்கிழமை காலை வண்டம்மா ஏணி போட்டு ஏறி, பீட்ரூட் சாற்றில் மாவைக் கலந்து கெட்டியாக்கி, சாப்பாட்டு அறைச் சுவரின் உச்சியில் ஊற்றினாள். வாத்தியார் ஏணியைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடியிருந்தார். சரியாக அந்த நேரம் பார்த்து நாத்தனார் உள்ளே நுழைந்தாள். சுவரெல்லாம் சிவப்பு, ஏணியில் சிவந்த கையோடு அண்ணி, கீழே கண்ணை மூடிய அண்ணன். போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டுக் கதவுகள் திறந்தன.

"அண்ணி! என்ன இது, என்ன பண்ணீங்க?"

"நேரா இறங்கலை பாரு" என்றாள் வண்டம்மா மேலிருந்தபடியே. "பூச்சுல மேடுபள்ளம் இருக்கு. வளைஞ்சு வளைஞ்சுதான் வருது. நான் சொன்னேன்ல?"

அன்று முழுக்க நாத்தனார் அந்த அறையில் சாப்பிட மறுத்துவிட்டாள். ஆனால் அந்த அலறலையும் கதையில் சேர்த்து வந்த மாத இதழை வாங்கி முதலில் படித்ததும் அவள்தான். "என் அலறல் கதையில சரியா வரலை. நான் இதைவிடச் சத்தமா கத்தினேன்" என்று குறை வேறு சொன்னாள்.

சில வருஷங்களில் இதழ் எழுந்து உட்கார்ந்து, நடந்து, ஓடவும் தொடங்கிவிட்டது. அப்படியொரு நாளில்தான் 'காரிருள்' என்ற புனைபெயரில் ஒரு கதை வந்தது.

வண்டம்மா படிக்க ஆரம்பித்தாள். "மேற்படி பேயானது மேற்கு அறையினுள் பிரவேசித்ததாக அறியப்படுகிறது. இதனைத் தொடர்ந்து காவலரால் அலறல் எழுப்பப்பட்டது. அலறல் குறித்து உரிய நடவடிக்கை எடுக்கப்படவில்லை."

அவளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அடுத்த பக்கம்: "பணி முடிவுற்றமையால் பேயானது தக்க சமயத்தில் தக்க முறையில் மறைந்தது."

சிரிப்பு அப்படியே நின்றது. தக்க சமயத்தில் தக்க முறையில். ஆய்வகத்தில் விடுப்பு கேட்டால், கருவி கேட்டால், ஜாடி கேட்டால்கூட அந்தப் பதில்தான் வரும். எத்தனை சுற்றறிக்கைகளில் படித்திருக்கிறாள்! இந்த நடையை அவள் தூக்கத்தில்கூட அடையாளம் சொல்வாள். இயக்குநர்! ஓய்வு பெற்றுவிட்டார் என்று கேள்விப்பட்டிருந்தாள்.

வீட்டில் வாத்தியாருக்குத் தலைகால் புரியவில்லை. "பழம் நழுவிப் பால்ல விழுந்திருக்கு! 'எனக்குக் கதை சொல்லாதீங்க'ன்னு சொன்னாரே, அதையே எழுதித் திருப்பி அனுப்பு."

"அனுப்பலாம்தான்" என்றாள் வண்டம்மா. சொல்லும்போதே நாக்கில் இனித்தது. ஆனால் முழுதும் படிக்காமல் எந்தக் கதையையும் திருப்பியதில்லை. மறுநாள் மேசையில் உட்கார்ந்து மீதியைப் படித்தாள்.

நடுவில் ஒரு பத்தி இருந்தது. பேய்க்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. ஓய்வு பெற்ற அதிகாரி ஒருவர், மறந்துவைத்த மூக்குக்கண்ணாடியை எடுக்கப் பழைய அலுவலகத்துக்குப் போகிறார். புதிய காவலாளி பெயர் கேட்கிறான். பெஞ்சில் உட்காரச் சொல்கிறார்கள். உட்கார்ந்திருக்கிறார். தன் பழைய அறையின் மூடிய கதவுக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் யாரையோ திட்டுவது கேட்கிறது. கேட்கக் கேட்க அவருக்குத் தெரிகிறது, அது அவருடைய குரல்தான். "உள்ளே கடுஞ்சொற்கள் பயன்படுத்தப்பட்டன" என்று பத்தி முடிந்து, அடுத்த வரியில் மேற்படி பேய் வந்து காரியத்தைக் கெடுத்துவிட்டது.

வண்டம்மா எழுந்து சன்னலருகே போய் நின்றாள். வெளியே வெயில் பளீரென்று அடித்துக்கொண்டிருந்தது. அப்படியும் கையில் மயிர்க்கால் குத்திட்டு நின்றது. அத்தனை கதை படித்தவளையே ஆட்டிவிட்டது அந்தப் பத்தி.

காரிருளுக்கு மின்னஞ்சல் அனுப்பினாள். தனக்கு ஆள் யார் என்று தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. "பேயை எடுத்துவிடுங்கள். பெஞ்சிலிருந்து கதை தொடங்கட்டும். எல்லாம் 'பட்டது, பட்டது' என்று முடிகிறது. செய்தவர் யார் என்று எழுதுங்கள். கடுஞ்சொற்கள் என்றால் என்ன சொற்கள்? யாரிடம் சொன்னவை? அது தெரியாமல் எனக்குப் பயம் முழுமையாக வரவில்லை."

பதில் மறுநாளே வந்தது, சுடச்சுட. பேய் இல்லாத திகில் கதை கேள்விப்பட்டதில்லை என்று. அவள் அசையவில்லை. பிறகு வெகு நாள் சத்தமே இல்லை. போய்விட்டார் என்றே நினைத்தாள். ஒரு திங்கட்கிழமை கதை திரும்பி வந்தது.

பேய் போயிருந்தது. 'பட்டது'களில் பாதி போயிருந்தன. கதவுக்குப் பின்னாலிருந்த குரல் இப்போது தெளிவாகப் பேசியது. வண்டம்மா தன்னை அந்த வார்த்தைகளில் தேடினாள். ஒரு பெண் விஞ்ஞானி, ஒரு ஜாடி, ஒரு கதை, ஏதாவது? இல்லை. அந்தக் குரல் திட்டியது ஒரு ஓட்டுநரை. மனைவிக்குப் பிரசவ வலி என்று வண்டியைப் பாதியில் நிறுத்திவிட்டு ஓடியவனை, எல்லோர் முன்னாலும் நிற்கவைத்து, "உன் வீட்டுக் கதையெல்லாம் யார் கேட்டா?" என்று கேட்டது.

"நான் அதுல இல்லவே இல்லைங்க" என்றாள் வாத்தியாரிடம். கொஞ்சம் சுருக்கென்றுதான் இருந்தது.

"உன்னைத் திட்டினது அவருக்கு ஞாபகமே இல்லை போலிருக்கு."

"நான் எவ்வளவு நாள் அதையே மென்னுட்டிருந்தேன்!" என்று சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். தாளை அவரிடம் நீட்டினாள். வாத்தியார் வாங்கிப் படித்தார். பஸ் ஸ்டாண்டுக்குப் போகவில்லை. விளக்கும் போடவில்லை. முடித்துவிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தார். அவளுடைய அளவுகோல் அதுவரை காட்டாத ஓர் அளவு அது.

"நாளைக்கு வகுப்புல ஒருத்தனைக் கூப்பிட்டுப் பேசணும்" என்றார் கடைசியில். யாரை, எதற்கு என்று அவள் கேட்கவில்லை.

இன்னும் சில திருத்தங்கள் போயின, வந்தன. கதை அச்சுக்குத் தயாரான வாரம், காரிருளே மாடிப்படி ஏறி வந்தார். கோட்டு இல்லை. சட்டைக் காலர் ஒரு பக்கம் மடங்கியிருந்தது. வாசலில் நின்று அவளைப் பார்த்துக் கொஞ்சம் தயங்கினார்.

"உட்காருங்க சார்" என்றாள் வண்டம்மா.

உட்கார்ந்தார். கீழே இயந்திரம் ஓடத் தொடங்கி, மேசையில் பேனா நகர்ந்தது. அதையே பார்த்துக்கொண்டு கேட்டார்: "நான்தான்னு எப்பத் தெரியும்?"

"மேற்படி பேயைப் பார்த்ததுமே சந்தேகம். தக்க சமயத்தில் தக்க முறையில் மறைஞ்சதும் உறுதி."

அவர் முகம் சிவந்தது. பிறகு உதடு ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டது. அவர் சிரிப்பார் என்பதே அவளுக்குப் புதுச் செய்தி.

"தெரிஞ்சும் ஏன் திருப்பி அனுப்பலை?"

"கதை நல்லாயிருந்தது. அதுவும் முழுக்க இல்லை, ஒரு பத்தி."

வண்டம்மாவுக்குக் கேட்காமல் இருக்க முடியவில்லை. "அந்த ரூம்ல என்னையும் ஒருநாள் நிக்க வச்சீங்க சார். அது கதையில வரலையே?"

"ஞாபகம் இருக்கு" என்றார் அவர் நிமிர்ந்து. "அதுக்கு எனக்குப் பெருசா வருத்தம் இல்லை. உண்மையைச் சொல்றேன். நீங்க அன்னைக்கு என்னை நேராப் பார்த்தீங்க. எங்க போனாலும் பிழைச்சுப்பீங்கன்னு எனக்கு அப்பவே தெரியும். அந்த டிரைவர் தரையைப் பார்த்துட்டு நின்னான். அவனுக்குப் போறதுக்கு வேற இடம் இல்லை. அது தெரிஞ்சுதான் திட்டினேன். அந்தக் குரல்தான் கேட்டுட்டே இருக்கு."

சமாதானமாக ஏதாவது சொன்னால் அது பொய்யாக இருக்கும். சரிபார்ப்புப் பிரதியை எடுத்து அவர் பக்கம் நகர்த்தினாள்.

"இப்ப அவர் எங்க இருக்கார்?"

"லாரி ஓட்டறான். போய்ப் பார்த்தேன். குழந்தை நல்லாயிருக்கான்னு கேட்டேன். காலேஜ் முடிக்கப் போறாளாம்." அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "டீ வாங்கிக் குடுத்தான். அதைப் பத்தி ஒண்ணுமே பேசலை. பேசியிருந்தா தேவலை."

"அதையும் எழுதுங்க" என்றாள் அவள்.

"கதையிலயா?"

"கதையில. கடைசிப் பத்தியா. அவர் டீ வாங்கிக் குடுத்தார், பேசலை. அவ்வளவுதான். ஒரு வார்த்தை கூட்ட வேண்டாம்."

அவர் அங்கேயே உட்கார்ந்து எழுதினார். நாலு வரி எழுத மதியம் ஆகிவிட்டது. இதழின் ஓவியர் அடுத்த மேசையில் அட்டைப்படத்துக்கு வண்ணம் தீட்டிக்கொண்டே அவ்வப்போது எட்டிப் பார்த்தார். கடைசியில் இயக்குநர் தாளை நீட்டினார். வண்டம்மா ஒரே ஒரு 'ஆகவே'யை அடித்தாள். மற்றது அப்படியே போயிற்று.

புனைபெயரிலா, சொந்தப் பெயரிலா என்று கேட்டபோது அவர் யோசிக்காமல், "சொந்தப் பேர்ல. அவன் படிக்கணும்ல" என்றார்.

அந்த இதழ் மறுபதிப்புப் போட வேண்டியதாயிற்று. அலுவலகம் அலுவலகமாக அது கைமாறியதாக அச்சக முதலாளி சொன்னார். இந்தக் கதையில் பயங்கரமாக எதுவும் நடக்கவில்லையே, ஆனாலும் மூன்று நாளாக மேலதிகாரி யாரையும் சத்தம் போடவில்லை, என்ன செய்தீர்கள் என்று ஒரு குமாஸ்தா எழுதியிருந்தார்.

இயக்குநருக்கு ருசி கண்டுவிட்டது. அடுத்த மாதமே இன்னொரு கதையோடு வந்தார். இந்த முறை செவ்வாய்க் கிரகம், மூன்று பேய்கள், ஒரு பூகம்பம். வண்டம்மா அவர் எதிரிலேயே படித்து முடித்தாள்.

"இது வேண்டாம் சார்."

"ஏன்? போன கதையை விட இதுல நிறைய இருக்கு."

"அதான் பிரச்சினை. ஒண்ணுலகூட நீங்க பயப்படலை. நீங்க பயப்படாததுக்கு நான் எப்படிப் பயப்படறது?"

"செவ்வாய்ல நான் எப்படிம்மா பயப்படறது? நான் போனதே இல்லையே!"

"நானும் விதைக் கப்பல்ல போனதில்லை. ஆனா பசியோட ஒரு மூடின பெட்டிக்குள்ள இருக்கறதை யோசிச்சுப் பார்த்திருக்கேன். உங்களுக்குச் செவ்வாய்ல எது இல்லைன்னா தாங்க முடியாது? அதுலேர்ந்து ஆரம்பிங்க."

"சுற்றறிக்கை" என்றார் அவர் யோசிக்காமல். ஓவியர் தூரிகையைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தார். இயக்குநரும் சேர்ந்துகொண்டார். ஆனால் படி இறங்கும்போது அவர் ஏதோ முணுமுணுத்துக்கொண்டே, சட்டைப் பையில் பேனாவைத் தேடியது வண்டம்மாவின் கண்ணில் பட்டது.

அவள் மேசையில் குவிந்திருந்த கதைகளிலிருந்து அடுத்ததை எடுத்தாள். பிணவறையில் வேலை பார்க்கிற ஒரு நர்ஸ் எழுதியது; முதல் கதையாம். எழுத்து ஒழுங்காக, சாய்வாக இருந்தது. முதல் வரியில், உள்ளே யாருமே இல்லாத நேரத்தில், பூட்டிய அறைக்குள்ளிருந்து யாரோ தும்மினார்கள். இரண்டாவது வரியில் அந்த நர்ஸ், பழக்க தோஷத்தில், "உடம்பைப் பார்த்துக்கோங்க" என்று சொல்லிவிடுகிறாள்.

வண்டம்மா நாற்காலியை மேசையோடு நெருக்கி இழுத்துப் போட்டுக்கொண்டு, "கொஞ்ச நேரம் யாரும் என்னைக் கூப்பிடாதீங்க" என்றாள்.